பாப்பா ஆகாயத்தில் இருந்த அன்று

என் மகள் கல்யாணமாகி டொராண்டோவுக்குப் போன புதிதில், அந்த ஊர் எவ்வளவு தூரம் என்று என் வீட்டுக்காரி ஒரு நாள் கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். தி.நகரில் ஒரு மேட்சிங் சென்டரில் ரவிக்கைத் துணியும் லைனிங்கும் அளந்து கிழித்துக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. மீட்டர் எனக்குக் கைப்பழக்கம். கிலோமீட்டர் என்றால் மயிலாப்பூரில் பஸ் ஏறி பாண்டி பஜாரில் இறங்குகிற தூரம், அவ்வளவுதான். மருமகனிடம் போனில் கேட்டுச் சொன்னேன்.

"பதிமூணாயிரம் கிலோமீட்டருக்கு மேலயாம்."

"அத வெச்சுக்கிட்டு நான் என்னா பண்ண? எத்தனை வக்துன்னு சொல்லுங்க."

வக்து என்றால் தொழுகை நேரம். அவளுக்குத் தூரமெல்லாம் அந்தக் கணக்கில்தான். சாந்தோம் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்கி வருவது சாயங்காலம் அஸருக்கும் பொழுது இறங்கினதும் வருகிற மஃரிபுக்கும் நடுவில். திருச்சியில் இருக்கிற அவள் தங்கச்சி வீடு, ராத்திரி இஷா தொழுதுவிட்டு பஸ் ஏறினால் விடிகாலை சுபுஹுக்குப் போய்ச் சேர்கிற தூரம். நானும் மருமகன் சொன்னதை விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அங்கே ஏறி, துபாயில் இறங்கி, அங்கே காத்திருந்து, வேறு ப்ளேன் பிடித்து மீனம்பாக்கம் வருவதென்றால் ஒரு பகலும் ஒரு ராத்திரியும் ஆகிவிடும்.

"அஞ்சு வக்தும் வழியிலயே போயிடும்" என்றேன்.

அப்புறம், "அப்ப நான் ஒரு நாள் பூராத் தொழுது முடிச்சாத்தான் எம்புள்ள வாசல்ல நிப்பா" என்றாள். எங்களுக்கு அவள் ஒரே பிள்ளை; பாப்பா என்றுதான் கூப்பிடுவோம்.

முதல் தடவை பாப்பா லீவுக்கு வந்தபோது மருமகன் என் போனில் ஒரு படம் வரவழைத்துக் கொடுத்திருந்தார். உலக வரைபடத்தின் மேல் ஒரு சின்ன மஞ்சள் ப்ளேன் நகரும். அதுதான் அவள் ஏறியிருக்கிற ப்ளேன். என் வீட்டுக்காரிக்கு அன்று சமையல் ஓடவில்லை. போனைச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டாள். ப்ளேன் கடலுக்கு மேல் வந்தால் போதும், ஆயத்துல் குர்ஸி ஓதி அந்தத் திரை மேல் ஊதுவாள். பச்சைக் குழந்தைக்குக் கண் பட்டால் ஓதி ஊதுவோமே, அதே மாதிரி.

கீழ் வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டது. நொச்சிக்குப்பத்துப் பக்கம் ரோட்டோரம் மீன் விற்கிற அம்மா. எங்களோடு ஒரே கட்டடத்தில் இருபது வருஷத்துக்கு மேலாகக் குடியிருக்கிறது. என் வீட்டுக்காரியை 'யக்கா' என்றுதான் கூப்பிடும்.

"யக்கா, மெதுவா ஊது. நீ ஊதற ஊதுல ப்ளேன் ஆடிடப் போவுது. உள்ள கீறதுங்க எல்லாம் வாந்தி எடுக்கும்."

"நீ போடி. உன் மீனுக்கு ஐஸ் போடு, போ."

"மீனுக்கு ஐஸ் போட்டாதான் யக்கா நீ கொழம்பு வெப்ப."

அப்படி வாயாடிக்கொண்டே இருப்பார்கள் ரெண்டு பேரும்.

அந்த அம்மாவின் புருஷன் இறந்துபோனபோது மகன் மஸ்கட்டில் இருந்தான். லீவு கிடைத்து, டிக்கெட் கிடைத்து அவன் வந்து சேர்கிற வரைக்கும் கீழே கண்ணாடி மூடி போட்ட ஐஸ் பெட்டியில் அவரை வைத்திருந்தார்கள். கண்ணாடி மேலே வியர்த்துப் போகும். யாராவது துடைத்துத் துடைத்து முகம் பார்ப்பார்கள். மகன் வந்து, பெட்டி மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுதான். அந்த அம்மா எங்களிடம், "எப்பிடியோ மூஞ்ச பாத்துட்டான்க்கா. அது போதும்" என்று சொன்னது. அதன் மனசு ஆறியதை நாங்கள் கண்ணால் பார்த்தோம்.

மாடி ஏறி வந்த பிறகு என் வீட்டுக்காரி என்னிடம் சொன்னாள்: "அவங்க வழக்கம் அவங்களுக்கு. என்னைய மட்டும் இப்டி வெக்காதீங்க. ரூஹு போயிடுச்சுன்னா சீக்கிரம் கொண்டுபோய் மண்ணுல சேத்துடுங்க."

"வாய வெச்சுக்கிட்டு சும்மா இரு."

"பாப்பா வரணும்னு கூட வெக்காதீங்க."

அந்த வார்த்தையை நான் மறந்தே போயிருந்தேன். போன மழைக்காலத்தில் அவளுக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்திருந்து பார்த்தார்கள். பிறகு டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. பாக்க வேண்டியவங்களுக்குச் சொல்லிடுங்க" என்றார். அன்றைக்கே பாப்பாவுக்குச் சொன்னேன். அவளும் மறுநாளுக்கு டிக்கெட் போட்டுவிட்டாள். திருச்சியிலிருந்து கொழுந்தியாள் வந்து கூட இருந்தாள்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரி கண் திறந்து கேட்ட கேள்வி ஒன்றே ஒன்றுதான்.

"பாப்பா எங்க வந்திருக்கா?"

"இன்னும் ஏறல. நாளைக்குக் காலைல, நம்ம சுபுஹு தாண்டி ஏறுவா."

அவள் விரல் அசைந்தது. கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணுகிறாள் என்று தெரிந்தது. அஞ்சாவது விரலுக்குப் போகிறதற்குள் தூங்கிவிட்டாள்.

மறுநாள் சுபுஹுக்குத் தொழுகைப் பாயை அவள் கட்டிலுக்குப் பக்கத்திலேயே விரித்துத் தொழுதேன். சலாம் கொடுத்துத் திரும்பினபோது மூச்சு வாங்குகிற சத்தம் குறைந்திருந்தது. கொழுந்தியாள் யாஸீன் ஓதிக்கொண்டிருந்தாள். நான் ஒரு ஸ்பூன் ஜம்ஜம் தண்ணீர் விட்டேன். பாதி உள்ளே போனது, பாதி கன்னத்தில் வழிந்தது. கலிமாவைச் சொல்லிக் கொடுத்தேன். உதடு அசைந்தது. அவ்வளவுதான். அழுது கத்துகிற மாதிரி எதுவும் நடக்கவில்லை. தெருவில் பால்காரர் வண்டி போகிற சத்தம் வழக்கம் போலக் கேட்டது.

கண்ணை மூடி விட்டு, தாடையைத் துணியால் கட்டினேன். அதற்குப் பிறகுதான் பாப்பா ஞாபகம் வந்தது. அவள் அந்நேரம் அங்கே ஏர்போர்ட்டுக்கு வந்துவிட்டிருப்பாள். இங்கே விடிகிறபோது அங்கே முதல் நாள் ராத்திரி. சொல்லாமல் ப்ளேன் ஏறவிட்டு, இங்கே வந்து இறங்கின பிறகு சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். மனசு கேட்கவில்லை. கூப்பிட்டேன்.

அவள் அழுகையை நான் எழுத மாட்டேன். கொஞ்சம் அடங்கின பிறகு அவள் கேட்டது இதுதான்.

"அத்தா, நான் வர்ற வரைக்கும் அம்மாவ வெச்சிருங்க. ஒரு நாள்தானே அத்தா. நான் மூஞ்சியப் பாக்கணும்."

"ஹஜ்ரத்கிட்ட கேட்டுட்டுக் கூப்பிடறேன்மா" என்று வைத்துவிட்டேன். ப்ளேனுக்குக் கூப்பிடுவதற்கு இன்னும் ஒரு மணி நேரம் போல இருந்தது. அதற்குள் நான் ஒரு முடிவு சொல்லியாக வேண்டும்.

கீழே இறங்கினேன். கீழ் வீட்டு அம்மா கூடையோடு புறப்பட்டுக்கொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்ததும் கூடையை இறக்கி வைத்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதது. அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொண்ணு எப்போ வருது பாய்?" என்று கேட்டது.

"நாளைக்குக் காலைல."

"ஐஸ் பொட்டிக்கு நான் சொல்றேன். எனக்குத் தெரிஞ்ச புள்ளதான் வெச்சிக்கினு கீது. பத்து நிமிசத்துல வந்துரும்."

"எங்கள்ல வெக்க மாட்டோம்மா. சீக்கிரம் அடக்கிடணும்."

"அதெல்லாம் தெரியும் பாய். இத்தினி வருசமா பாத்துக்கினுதானே கீறேன். ஆனா பெத்த பொண்ணு மூஞ்ச பாக்க வாணாமா? அவ்ளோ தொலைவுலேந்து வருதே. வந்து வெறுங் கட்டிலப் பாக்குமா?"

அந்த அம்மா கேட்டதில் தப்பு ஒன்றும் இல்லை. அது தன் மகனுக்குச் செய்ததை என் மகளுக்கும் செய்யச் சொன்னது.

பள்ளிவாசலுக்குப் போனேன். அங்கே தொழவைக்கிற ஹஜ்ரத் சின்ன வயசு. குழந்தைகளுக்கு ஓதிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன். சட்டத்தை எடுத்து வீசுவார் என்று நினைத்தேன். அவர் என் கையை விடாமலே சொன்னார்.

"மையித்த தாமதப்படுத்தக் கூடாது. அது உங்களுக்கே தெரியும் பாய். மத்தியானம் லுஹருக்கு பதிலா அஸருக்கு வெச்சுக்கலாம், வெளியூர்க்காரங்க வர்றதுக்கு. ஒரு நாள் பூரா வெக்கிறதுன்னா, நல்லதுன்னு என் வாயால சொல்ல முடியாது. ஜமாஅத்துல யாரும் வந்து உங்கள மறிக்கவும் மாட்டாங்க." நிறுத்திவிட்டுக் கேட்டார். "அவங்க ஏதாச்சும் சொல்லியிருக்காங்களா?"

அப்போதுதான் மாடிப்படி, கண்ணாடிப் பெட்டி, 'பாப்பா வரணும்னு கூட வெக்காதீங்க' எல்லாம் திரும்பி வந்தது. பள்ளி வராந்தாவில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உயிரோடு இருக்கிற மகள் ஒன்று கேட்கிறாள். இறந்துபோனவள் வேறொன்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். மகளிடம் நாளைக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம். இவளிடம் எங்கே போய்க் கேட்பேன்?

மகளைக் கூப்பிட்டேன். பின்னால் ஏர்போர்ட்டின் அறிவிப்புச் சத்தம்.

"பாப்பா, அஸருக்கு அடக்கம் பண்றோம்மா. அம்மா அப்டித்தான் சொல்லியிருந்தா."

அறிவிப்புச் சத்தம் அடங்கினதும் மறுபடி சொன்னேன்.

"நாலே முக்காலுக்குக் கபர்ல வெப்போம். நம்ம ஊரு மணிக்கு. அந்த நேரத்துல நீ எங்க இருந்தாலும் கையேந்தி துஆ கேளு. நீயும் எங்களோட நின்ன மாதிரிதான். கேக்குதாம்மா?"

கேட்கிறது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. போன் கட்டாகிவிட்டது. ப்ளேனுக்குக் கூப்பிட்டதால் வைத்தாளா, என் மேல் கோபத்தில் வைத்தாளா என்று எனக்குத் தெரியாது. மறுபடி போட்டேன், போகவில்லை. அன்று முழுக்க அந்தக் கல்லை நெஞ்சில் வைத்துக்கொண்டுதான் எல்லாக் காரியமும் பார்த்தேன்.

அவளைச் சுற்றுகிற கபன் துணியை நானே கிழித்தேன். பெண்களுக்கு அஞ்சு துண்டு. எத்தனையோ பேருக்குக் கல்யாண ரவிக்கைக்குக் கிழித்த கை. கொழுந்தியாளும் உறவுப் பெண்களும் குளிப்பாட்டினார்கள். கீழ் வீட்டு அம்மா வாசல்படியிலேயே உட்கார்ந்திருந்தது, உள்ளே வரவில்லை, வியாபாரத்துக்கும் போகவில்லை. சந்தூக்குப் பெட்டியில் வைத்து அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கினபோது எழுந்து நின்று கும்பிட்டது.

"போய்ட்டு வா யக்கா."

லுஹருக்குப் பிறகு மழை பிடித்துக்கொண்டது. லேசாகத்தான் ஆரம்பித்தது. அஸர் தொழுகை முடிந்து அவளுக்காக ஜனாஸா தொழுதபோது பள்ளிக் கூரையில் பேசுவது கேட்காத அளவுக்குக் கொட்டியது. கபர்ஸ்தான் பள்ளிக்குப் பின்னாலேயேதான் இருக்கிறது. குழி வெட்டுகிறவர் நனைந்தபடி ஓடி வந்தார்.

"பாய், குழில மொழங்கால் தண்ணி. எறைக்க எறைக்க ஊறுது. இது வேலைக்காவாது. அந்த வேப்பமரத்தாண்ட மேடா கீது, அங்க வேற தோண்டணும்."

"எவ்ளோ நேரம் ஆவும்?"

"மழை வுடணும் பாய். நான் இன்னா பண்றது?"

சந்தூக்கைப் பள்ளித் தாழ்வாரத்தில் இறக்கி வைத்தோம். சாரல் அடிக்காமல் இருக்க ஒரு தார்ப்பாயை ரெண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். நாலே முக்கால் ஆகியிருந்தது.

மேலே எங்கேயோ என் மகள் இந்த நிமிஷம் கையேந்திக்கொண்டிருப்பாள். அம்மாவை மண்ணில் வைக்கிறார்கள் என்று நினைத்து அழுதுகொண்டிருப்பாள். இங்கே அவள் அம்மா தாழ்வாரத்தில் மழைக்கு ஒதுங்கிக் கிடக்கிறாள். பிள்ளைக்கு முகம் பார்க்கக் கொடுக்கவில்லை. அதற்குப் பதிலாகக் கொடுத்தது ஒரு நேரம். அதையும் காப்பாற்றிக் கொடுக்க முடியவில்லை. யா அல்லாஹ், நான் உன் கட்டளைக்காகத்தானே அவசரப்பட்டேன், நீயே நிறுத்தி வைக்கிறாயே என்று மனசுக்குள் கேட்டேன். கேட்கக் கூடாத கேள்வி. கேட்டுவிட்டு உடனே மன்னிப்புக் கேட்டுத் தவ்பா செய்துகொண்டேன்.

போனை எடுத்துப் பார்த்தேன். அந்த மஞ்சள் ப்ளேன் எனக்குப் பெயர் தெரியாத நாடுகளுக்கு மேல் இருந்தது. நகர்கிற மாதிரியே தெரியவில்லை. ஆயத்துல் குர்ஸி ஓதித் திரை மேல் ஊதினேன். இத்தனை வருஷத்தில் நான் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

மழை விட்டு, வேப்பமரத்து மேட்டில் குழி வெட்டி முடிப்பதற்குள் மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள். தொழுதுவிட்டு வந்து, லைட் பிடித்துக்கொண்டு, அவளை இறக்கினோம். மேட்டு மண், உள்ளே தண்ணீர் இல்லை. நான்தான் தலைப் பக்கம் பிடித்தேன். முகத்தைக் கிப்லா திசைக்குத் திருப்பி வைத்து, பலகை அடுக்கி, எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் மூன்று பிடி போட்டேன். அப்புறம் குனிந்து இன்னும் மூன்று பிடி அள்ளிப் போட்டேன். பக்கத்தில் நின்றவர் என்னைப் பார்த்தார். பள்ளிக்குத் திரும்பிக் கை கால் கழுவினபோது கடிகாரம் பார்த்தேன். ஆறரை. மண் போட்டுக் கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

பாப்பா துபாயில் ராத்திரி பூரா உட்கார்ந்திருந்து, மறுநாள் காலை எட்டு மணி வாக்கில் வந்து இறங்கினாள். மீனம்பாக்கத்தில் கூட்டத்துக்கு நடுவில் நின்றேன். அவள் வெளியே வந்தாள். என்னைக் கட்டிக்கொண்டாள், ஆனால் பேசவில்லை. டாக்ஸியில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். கிண்டி போனது, அடையாறு வந்தது. என்ன சொல்லி ஆரம்பிப்பது? பாலத்தின் மேல் டிராபிக்கில் வண்டி நின்றபோது அவளே பேசினாள். ஆற்றைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"அத்தா, நான் அதையும் பாழாக்கிட்டேன்."

"எத?"

"நீங்க சொன்ன நேரத்த. என் போன்ல டொராண்டோ மணிதான் இருந்துச்சு. கணக்குப் போட தலை ஓடல. எதிர் சீட்டுத் திரையில, போய்ச் சேர்ற ஊரு மணின்னு ஒண்ணு காட்டிக்கிட்டே இருந்துச்சு. அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அது நாலே முக்கால் ஆனதும் கையேந்தினேன். அழுதேன். பக்கத்துல இருந்த வெள்ளக்காரம்மா தண்ணி குடுத்தாங்க." மூக்கை உறிஞ்சினாள். "இறங்குனப்பறம்தான் உறைச்சுது. அது துபாய் மணி அத்தா. நம்ம ஊருக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால. நீங்கல்லாம் அம்மாவ வெச்சுட்டு வீட்டுக்கே போயிருப்பீங்க. எல்லாம் முடிஞ்சப்பறம் நான் ஒருத்தி உக்காந்து கேட்டுக்கிட்டிருந்திருக்கேன். மூஞ்சியும் பாக்கல. அதுக்கும் நான் இல்ல."

அவள் சொல்லி முடித்த பிறகுதான் எனக்குள் அந்தக் கணக்கு ஓடியது. மெதுவாகத்தான் ஓடியது. துணிக் கணக்கைத் தவிர எனக்கு எந்தக் கணக்கும் சட்டென்று வராது. நாலே முக்காலும் ஒன்றரையும். மறுபடி கூட்டினேன். வாய்விட்டு "சுப்ஹானல்லாஹ்" என்றேன். டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"மழைம்மா" என்றேன்.

"என்னா அத்தா?"

"நேத்து இங்க நல்ல மழை. குழில தண்ணி ஊறிடுச்சு. வேற குழி வெட்ட வேண்டியதாப் போச்சு. அம்மாவ மஃரிப் தொழுதுட்டுத்தான் வெச்சோம்."

அவள் திரும்பினாள். அவள் முகம் அப்படியே அவள் அம்மா முகம்.

"எத்தனை மணிக்கு?"

"மண்ணு போட்டப்ப ஆறே காலு."

அவள் கட்டை விரலால் மற்ற விரல்களைத் தொட்டுத் தொட்டு எண்ணினாள். பாதியில் விரல் நின்றது. என் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி நகர்ந்தது. ராஜா அண்ணாமலைபுரம் தாண்டுகிற வரைக்கும் அந்தக் கையைத் தடவிக்கொண்டே வந்தாள். பிறகு என் விரலைப் பிரித்துப் பார்த்தாள். எத்தனையோ தடவை கழுவியும் நகக் கண்ணில் மண் போகாமல் இருந்தது.

"இது அங்கத்து மண்ணா?"

"ஆமா. மூணு பிடி என்னுது. மூணு பிடி உன்னுது."

அந்த விரலைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். வீடு வந்தபோது கீழ் வீட்டு அம்மா வாசலில் நின்றிருந்தது. பாப்பா வண்டியை விட்டு இறங்கி நேராக அதன் தோளில் போய்ச் சாய்ந்தாள்.

"கடைசில மூஞ்ச பாக்க முடியாம போச்சே கண்ணு" என்று அந்த அம்மா அழுதது.

"பரவால்ல" என்றாள் என் மகள். "நான் அந்த நேரத்துல கூடத்தான் இருந்தேன்."